புள்ளி முழுசா நிக்குது... டவுன்லோடு நகர மாட்டேங்குது! கொல்லிமலையில் செல்போன் நெட்டில் 'டொரன்ட்' இழுப்பவர்கள் கவனத்துக்கு

கொல்லிமலை,

செல்போனில் சிக்னல் புள்ளி முழுசாக நிற்கிறது. வாட்ஸ்அப் போகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் போட்ட டவுன்லோடு மட்டும் ஆமை வேகத்தில் ஊர்கிறது. காலையில் 3 சதவீதம். மாலையில் பார்த்தால் 5 சதவீதம். மலைமேல் செல்போன் நெட்டை நம்பி லேப்டாப் ஓட்டும் மாணவர்களுக்கும் வாலிபர்களுக்கும் இது பழகிப்போன தலைவலி.

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலைக்கு ஏற வேண்டும். கடல் மட்டத்தில் இருந்து சுமார் ஆயிரம் முதல் 1,300 மீட்டர் உயரம். சோளக்காடு, செம்மேடு போன்ற கடைவீதிகளை விட்டால் மற்றதெல்லாம் மேடும் பள்ளமுமாக, மிளகுக் கொடிக்கும் காபித் தோட்டத்துக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். ஒரு மேடு குறுக்கே வந்தால் போதும், டவர் இருந்தும் இல்லாத கதைதான்.

'நெட்டு ஸ்லோ' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் காய்ச்சலுக்குப் பல காரணம் இருப்பது போல இதற்கும் பல காரணம் உண்டு. டவர் காரணமா, கம்பெனி காரணமா, எடுக்கும் பைல் காரணமா, நாம் வைத்திருக்கும் செட்டிங் காரணமா என்று தெரியாமல் ரீசார்ஜை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும். எது காரணம் என்று வரிசையாகக் கண்டுபிடிப்பது எப்படி? விவரம் வருமாறு:-

டொரன்ட் என்பது என்ன?

சாதாரண டவுன்லோடில் ஒரே இடத்தில் இருந்து பைல் வருகிறது. கோவில் அன்னதானத்தில் ஒரே அண்டாவில் இருந்து எல்லோருக்கும் சோறு போடுவது மாதிரி. கூட்டம் கூடினால் வரிசை நீளும்.

'பிட்டொரன்ட்' முறை வேறு. அமெரிக்காவைச் சேர்ந்த பிராம் கோஹன் என்ற புரோகிராமர் 2001-ல் இதை வெளியிட்டார். இதில் பைல் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிக்கப்படும். அந்த பைலை ஏற்கனவே வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு துண்டு தருவார்கள். வாங்குகிறவரும் சும்மா இருக்க முடியாது. கையில் வந்த துண்டை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முழு பைலும் வைத்துக்கொண்டு கொடுப்பவருக்கு 'சீடர்' என்று பெயர். பாதி வாங்கி பாதி கொடுப்பவர் 'பியர்'.

இந்த முறையில் மலைக்கு ஒரு லாபம் உண்டு. பிரவுசரில் 5 ஜிபி பைலை இழுக்கும்போது 90 சதவீதத்தில் கரண்ட் போனால் பல நேரம் முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும். டொரன்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு துண்டும் வந்ததும் சரிபார்த்து வைக்கப்படும். மூன்று நாள் கழித்துத் தொடங்கினாலும் விட்ட இடத்தில் இருந்தே போகும். அடிக்கடி சிக்னல் போய் வரும் ஊருக்கு இது தோதான முறை.

முதலில் கணக்கைப் பாருங்கள்

பாதிப் பேருடைய புகார் இங்கேயே தீர்ந்துவிடும். செல்போன் கம்பெனிகள் வேகத்தை 'மெகாபிட்' கணக்கில் சொல்கின்றன. டவுன்லோடு செய்யும் சாப்ட்வேர் 'மெகாபைட்' கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே கம்பெனி சொல்வதை எட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

4 எம்பிபிஎஸ் வேகம் வருகிறது என்றால் டவுன்லோடில் விநாடிக்கு அரை எம்பி, அதாவது 500 கேபி வந்தால் அதுதான் முழு வேகம். அந்த வேகத்தில் 5 ஜிபி பைல் இறங்க சுமார் 2 மணி 47 நிமிடம் ஆகும். 'நாலு வரணும், அரைதான் வருது' என்று சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புப்படி, குறைந்தது 2 எம்பிபிஎஸ் டவுன்லோடு வேகம் இருந்தால்தான் அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். 2004-ல் இந்த அளவு 256 கேபிபிஎஸ் ஆக இருந்தது. 2 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 250 கேபி. அதற்கும் கீழே போனால் கோளாறைத் தேடலாம்.

டேட்டா தீர்ந்துவிட்டதா?

அடுத்த சோதனை பேலன்ஸ். தினமும் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் பேக்கில் அன்றைய அளவு தீர்ந்ததும் நெட் நிற்காது. வேகம் மட்டும் பெரும்பாலான பேக்குகளில் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். அது விநாடிக்கு வெறும் 8 கேபி. இந்த வேகத்தில் 5 ஜிபி இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப் மெசேஜ் அப்போதும் போகும் என்பதால் 'நெட்டு இருக்கே' என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். டொரன்டில் நாம் வாங்குவது மட்டும் கணக்கு இல்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதும் நம் டேட்டாவில்தான் கழியும். 2 ஜிபி பேக்கில் ஒன்றரை ஜிபி இறக்கி, அரை ஜிபி ஏற்றினால் அன்றைய கணக்கு முடிந்தது. காலையில் எழுந்து பார்த்து 'நான் ஒண்ணுமே பண்ணலையே' என்று விழிப்பவர்கள், ராத்திரி முழுக்க சாப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்ததா என்று பார்க்க வேண்டும்.

காலையிலும் மாலையிலும் சோதனை

டொரன்டை நிறுத்திவிட்டு சாதாரண ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 'மைஸ்பீடு' ஆப்பே இதற்குப் போதும். அதிகாலை 5 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை, அதே இடத்தில் வைத்து எடுத்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் 12, இரவில் 1 என்று வந்தால் அது நெரிசல். ஒரு டவரின் வேகம் என்பது ஒரு குடத்துத் தண்ணீர். அதை எத்தனை பேர் மொள்ளுகிறார்களோ அத்தனை பங்கு. விடுமுறை நாளில் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோவிலுக்கும் வேன் வேனாக வந்து இறங்கும் கூட்டமும் அந்தக் குடத்தில்தான் மொள்ளும். ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் பெரிய பைலை இழுக்க நினைப்பதே வீண்.

இதற்கு மருந்து ஒன்றுதான். நேரத்தை மாற்றுவது. பல டொரன்ட் சாப்ட்வேர்களில் நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. இரவு 1 மணியில் இருந்து 5 மணி வரை என்று வைத்துவிட்டால் மலையே தூங்கும் நேரத்தில் வேலை நடந்துவிடும். பல பேக்குகளில் நள்ளிரவு 12 மணிக்கு அடுத்த நாள் டேட்டாவும் வந்து சேர்ந்துவிடும்.

எந்த நேரத்தில் எடுத்தாலும் 1 எம்பிபிஎஸ் தாண்டவில்லை என்றால் அது சிக்னல் கோளாறு, அல்லது டவருக்குப் பின்னால் இருக்கும் கோளாறு.

புள்ளி சொல்வது பொய்யா?

புள்ளி முழுசாக இருந்தும் வேகம் வராததற்கு இரண்டு காரணம் உண்டு.

முதல் காரணம், டவரில் இருந்து கீழே போகும் வழி. நகரங்களில் பெரும்பாலும் டவர் வரைக்கும் பைபர் கேபிள் இருக்கும். மலைப்பகுதியில் கேபிள் இழுப்பது கஷ்டம் என்பதால், பல டவர்கள் வட்டமான மைக்ரோவேவ் டிஷ் மூலம் அடுத்த டவரோடு பேசும். அந்த வழி குறுகலாக இருந்தால், போனுக்கும் டவருக்கும் நடுவே எவ்வளவு சிக்னல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. வீட்டுக் குழாய் பெரிசு, ஊர் டேங்குக்கு வரும் குழாய் சிறுசு என்பது போன்ற நிலைமை. இதை வீட்டில் இருந்து சரிசெய்ய முடியாது. வேறு கம்பெனி சிம்மை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் மலையில் முக்கியம். டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது. அது தூரத்தில் இருந்தாலும் போனுக்குக் கேட்கிறது. புள்ளி காட்டுவது இதைத்தான். ஆனால் போனின் பதில் சத்தம் அதிகபட்சம் 0.2 வாட். நடுவில் ஒரு மேடும் நாலு பலாமரமும் இருந்தால் அது டவருக்குச் சரியாகப் போய்ச் சேராது. 'துண்டு வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு' என்று போன் பதில் சொன்னால்தான் அடுத்த துண்டு வரும். பதில் தாமதமானால் டவுன்லோடும் தாமதம். அதனால்தான் ஸ்பீடு டெஸ்டில் அப்லோடு அளவையும் குறிக்கச் சொல்வது. அப்லோடு 0.2, 0.3 என்று கிடந்தால் கோளாறு இதுதான்.

இடத்தை மாற்றினால் வேகம் மாறும்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே 'அபவுட் போன்' பகுதியில் சிம் விவரத்தைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற கணக்கில் இருக்கும். மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 100 என்றால் சுமார். மைனஸ் 110-ஐத் தாண்டிப் போனால் மோசம். புள்ளியைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பார்த்து இடம் தேட வேண்டும்.

தகர ஷீட் கூரை போட்ட வீட்டுக்குள் சிக்னல் நுழைவது கஷ்டம். போனை ஜன்னல் ஓரம், திண்ணை, மொட்டை மாடி என்று மாற்றி வைத்துப் பார்க்கலாம். ஹாட்ஸ்பாட் போடும் போன் ஜன்னலில் இருக்கட்டும். லேப்டாப் உள்ளே இருந்தால் போதும். இரண்டுக்கும் நடுவே வைபை பார்த்துக்கொள்ளும். டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை லேப்டாப்பில் நேரடியாகச் சொருகாமல் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஜன்னலுக்குக் கொண்டு போகலாம்.

போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தாவலிலும் இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும். இப்படிப்பட்ட இடத்தில் நெட்வொர்க் செட்டிங்கில் '4ஜி மட்டும்' என்று வைத்துவிடுவது நல்லது.

அலைவரிசையும் கவனிக்க வேண்டியது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், மேட்டையும் ஓரளவு தாண்டும். 2300 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான அலைகள் வேகம் தரும், ஆனால் தூரம் போகாது. பிஎஸ்என்எல் நிறுவனத்தின் உள்நாட்டுத் தயாரிப்பு 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் 700 மெகாஹெர்ட்ஸ் அலையும் உண்டு. பழைய போன்கள் சிலவற்றில் அந்த அலையைப் பிடிக்கும் வசதி கிடையாது. அப்படி இருந்தால் டவர் பக்கத்தில் இருந்தும் பலன் குறைவு. சிம் மாற்றும் முன் போனின் விவரத்தில் 'பேண்ட் 28' இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

'பூஸ்டர்' என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் கருவிகளை நம்பி வாங்கக் கூடாது. உரிமம் இல்லாமல் சிக்னல் ரிப்பீட்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது மட்டும் அல்ல, ஒரு வீட்டில் வைத்த மோசமான பூஸ்டர் கிளப்பும் இரைச்சல் அந்த டவரை நம்பியிருக்கும் எல்லோருடைய போனையும் கெடுத்துவிடும்.

சிக்னல் நல்லா இருக்கு, டொரன்ட் மட்டும் ஸ்லோ

ஸ்பீடு டெஸ்டில் 8, 10 என்று வருகிறது, யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது, டொரன்ட் மட்டும் 20 கேபியில் நிற்கிறது என்றால் கோளாறு டவரில் இல்லை. இங்கே மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது, கொடுப்பவர் இருக்கிறாரா? சாப்ட்வேரில் 'சீட்ஸ்' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் அல்லது 1 என்றால் கொடுக்க ஆள் இல்லை. அம்பானி வீட்டு நெட்டாக இருந்தாலும் அந்த பைல் வராது. அதே பைலை அதிகம் பேர் வைத்திருக்கும் வேறு டொரன்டைத் தேடுவதுதான் வழி. சோதித்துப் பார்க்க உபுண்டு லினக்ஸ் நிறுவனமே தரும் டொரன்டைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு எப்போதும் சீடர்கள் ஏராளம். அது வேகமாக வந்து மற்றது வரவில்லை என்றால் குறை பைலில்தான்.

இரண்டாவது, வெளிக் கதவு. இதுதான் செல்போன் நெட்டில் பலருக்கும் தெரியாத விஷயம். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி என்ற விலாசம் உண்டு. பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 430 கோடி விலாசம்தான். அது உலகத்துக்குப் போதவில்லை. அதனால் செல்போன் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான பேரை ஒரே விலாசத்துக்குள் அடைத்து வைக்கின்றன. இதற்கு 'சிஜிநாட்' என்று பெயர்.

பெரிய லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒன்றுதான். உள்ளே இருப்பவர் வெளியே யாரை வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் வெளியில் இருந்து வருகிறவர் எந்த ரூம் என்று தெரியாமல் வாசலோடு திரும்பிவிடுவார். டொரன்டில் இருபக்கமும் லாட்ஜில் இருந்தால் இரண்டு பேரும் சந்திப்பது கஷ்டம். நூறு பேர் பைலை வைத்திருந்தாலும் பெரும்பாலும் கதவு திறந்து வைத்திருக்கும் இருபது பேரிடம்தான் வாங்க முடியும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டாங்கிள் அல்லது ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் உள்ள ஐபி விலாசத்தைப் பாருங்கள். அது 10 என்ற எண்ணில் தொடங்கினாலோ, 100.64-ல் இருந்து 100.127-க்குள் இருந்தாலோ நீங்கள் லாட்ஜுக்குள்தான் இருக்கிறீர்கள். இந்த 100.64 வரிசையை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். இந்த நிலையில் ரூட்டரில் 'போர்ட் பார்வர்டிங்' செய்வதெல்லாம் ரூம் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. வாசல் கதவு கம்பெனி கையில் இருக்கிறது.

புதிய ஐபிவி6 முறையில் விலாசத்துக்குப் பஞ்சமே இல்லை. போனின் ஏபிஎன் செட்டிங்கில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்த்துத் தேர்வு செய்து, டொரன்ட் சாப்ட்வேரிலும் ஐபிவி6-ஐ அனுமதித்தால் சில நெட்வொர்க்குகளில் நல்ல பலன் கிடைக்கும். உள்ளே வருவதைத் தடுத்து வைத்திருக்கும் நெட்வொர்க்கில் இது உதவாது. அப்போது சீடர்கள் அதிகம் உள்ள பைலைத் தேடுவது ஒன்றே வழி.

மூன்றாவது, நம் செட்டிங். இதில்தான் உடனடிப் பலன் கிடைக்கும்.

* அப்லோடு வேகத்துக்கு அளவு வையுங்கள். ஸ்பீடு டெஸ்டில் வந்த அப்லோடில் 70 சதவீதம் போதும். உதாரணமாக அப்லோடு 1 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 125 கேபி. அதில் 85 கேபி என்று வைக்கலாம். அளவே வைக்காவிட்டால் ஒற்றையடிப் பாதை முழுக்க நம் சரக்கே அடைத்துக்கொள்ளும். 'அடுத்ததை அனுப்பு' என்ற பதில் போக வழி இருக்காது.

* அப்லோடை ஒரேயடியாகக் குறைத்து 1 கேபி என்று வைக்காதீர்கள். கொடுப்பவருக்குத்தான் மற்றவர்கள் முன்னுரிமை தருவார்கள். மொய் எழுதாதவருக்குப் பந்தியில் கடைசி இலைதான்.

* ஒரே நேரத்தில் பத்து பைலைப் போடாதீர்கள். ஒன்று முடிந்து ஒன்று.

* மொத்த கனெக்ஷன் எண்ணிக்கையை 60 முதல் 100-க்குள் வையுங்கள். 500 கனெக்ஷன் வைத்தால் போன் ஹாட்ஸ்பாட் திணறிப்போகும். போன் சூடாகும், நெட் அறுந்து அறுந்து வரும்.

* சாப்ட்வேரில் 'என்கிரிப்ஷன்' வசதியை அனுமதியுங்கள். டொரன்டை மட்டும் அடையாளம் கண்டு வேகத்தைக் குறைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இந்தியாவில் இணையச் சமநிலை விதிகளை 2018 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்பு துறை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு வகை டேட்டாவை மட்டும் தனியாகப் பிரித்து அமுக்கக் கூடாது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான நடவடிக்கை எடுக்க மட்டும் அனுமதி உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம்

ஒரு கல்லூரி மாணவி வீட்டில் பழைய லேப்டாப் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் பழுதாகிவிட்டது. உபுண்டு லினக்ஸ் போட்டால் உயிர் வரும். பைல் 5 ஜிபிக்கு மேல். அடுத்த வாரம் பிராஜக்ட் கொடுக்க வேண்டும். தினம் 2 ஜிபி பேக்.

பகலில் போட்டால் நெரிசலில் நகராது. அளவு வைக்காமல் போட்டால் அப்லோடிலேயே பாதி டேட்டா போய்விடும். அதையே இரவு 1 மணிக்குத் தொடங்கும்படி நேரம் வைத்து, அப்லோடு அளவு வைத்து, போனை ஜன்னலில் வைத்துவிட்டால் தினமும் ஒன்றரை ஜிபிக்கு மேல் இறங்கும். நாலு ராத்திரியில் வேலை முடியும். கூடுதல் ரீசார்ஜ் தேவை இல்லை. கீழே சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ பஸ் ஏறிப் போய் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து பென் டிரைவில் வாங்கி வரும் அலைச்சலும் மிச்சம்.

கொரோனா காலத்தில் 2021-ல் இதே நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கம் மலையடிவாரக் கிராம மாணவர்கள் ஆலமரக் கிளையில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சிக்னலைத் தேடி மரம் ஏறியவர்களுக்கு, வந்த சிக்னலை வீணாக்காமல் பயன்படுத்தும் வழி தெரிவதும் முக்கியம்.

ஒரு ஊரில் ஒருவர் இறக்கிவிட்டால் மற்றவர்கள் மறுபடி நெட்டில் இழுக்க வேண்டியதே இல்லை. ஒரே வைபையில் இரண்டு லேப்டாப்பையும் இணைத்து, சாப்ட்வேரில் 'லோக்கல் பியர் டிஸ்கவரி' என்ற வசதியை அனுமதித்தால் பைல் வீட்டுக்குள்ளேயே மாறும். டேட்டா கழியாது. பென் டிரைவில் கொடுத்தாலும் சரிதான்.

எதை இழுக்கலாம், எதை இழுக்கக் கூடாது?

டொரன்ட் என்றாலே திருட்டு வேலை என்று நினைப்பது தவறு. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச சாப்ட்வேர்களை அந்த நிறுவனங்களே டொரன்டில் தருகின்றன. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கும் பழைய தமிழ் புத்தகங்களுக்கும் டொரன்ட் வசதி உண்டு.

புதுப்படம் இழுப்பது வேறு கதை. டொரன்டில் வாங்கும்போதே மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதாவது 'நான் பார்க்கத்தான் எடுத்தேன்' என்று சொல்ல முடியாது, விநியோகம் செய்ததாகவே ஆகும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமை சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயிலும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க வழி இருக்கிறது. தனுஷ் நடித்த '3' படத்தை முன்வைத்து சென்னை ஐகோர்ட்டு பிறப்பித்த உத்தரவால் 2012-ல் பல டொரன்ட் தளங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. பின்னர் முழுத் தளத்தையும் முடக்க வேண்டாம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் முடக்கினால் போதும் என்று கோர்ட்டு விளக்கம் தந்தது நினைவிருக்கலாம்.

புதுப்படம் என்ற பெயரில் வரும் பைல்களில் வைரஸ் இருப்பதும் சகஜம். 700 எம்பி படம் என்று இறக்கினால் உள்ளே 'இதை இன்ஸ்டால் செய்' என்று ஒரு பைல் இருக்கும். அமுக்கினால் லேப்டாப் போச்சு.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் ஸ்லோ

இவ்வளவும் செய்து பார்த்து, அதிகாலையிலும் 2 எம்பிபிஎஸ் வரவில்லை என்றால் புகார் கொடுக்க வேண்டும். எழுதி வைத்த ஸ்பீடு டெஸ்ட் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் 198 என்ற இலவச எண்ணில் புகார் பதிவு செய்யலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 'நெட்டு ஸ்லோ' என்று மட்டும் சொல்லாமல் ஊர், நேரம், டிபிஎம் அளவு, வேகம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம்.

கம்பெனி மாறுவதாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். டிராய் 2024-ல் கொண்டு வந்த விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மிலும் ஒரு நாள் சோதித்துவிட்டு அப்புறம் 1900-க்கு 'போர்ட்' மெசேஜ் அனுப்பலாம். நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது.

தனி ஒருவர் புகாரை விட ஊர்ப் புகாருக்கு மதிப்பு அதிகம். மத்திய அரசு 4ஜி வசதி இல்லாத 24,680 கிராமங்களுக்கு டவர் வைக்க ரூ.26,316 கோடியில் ஒரு திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் பைபர் கேபிளால் இணைக்கும் 'பாரத்நெட்' பணியை 'டான்பிநெட்' நிறுவனம் செய்து வருகிறது. உங்கள் ஊராட்சி ஆபீசுக்கு கேபிள் வந்துவிட்டதா, வந்தால் வீடுகளுக்கும் பள்ளிக்கும் எப்போது இணைப்பு கிடைக்கும் என்பதை கிராம சபையில் கேட்கலாம். பத்து வீட்டு ஸ்பீடு டெஸ்ட் கணக்கை மனுவோடு இணைத்துக் கொடுத்தால், 'புள்ளி முழுசா இருக்கே' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அது வரும் வரை, போன் ஜன்னலில் இருக்கட்டும். அப்லோடுக்கு ஒரு அளவு இருக்கட்டும். டவுன்லோடு ராத்திரியில் ஓடட்டும்.